பிற மாநில வாடிக்கையாளரிடம் பழகப் பயிற்சி: செலவுக்குத் தக்க பலன் உண்டா?

ஞாயிற்றுக்கிழமை மாலை. அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி, பட்டரவாக்கம் பக்கம் உள்ள ஒரு மளிகைக் கடை. சம்பளம் வாங்கிய தொழிலாளர்கள் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்க வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் மைசூர் பருப்பைக் கைகாட்டி "டாயி சௌ" என்கிறார். கடைப்பையன் காதில் "தோ சௌ" என்று விழுகிறது. 200 கிராம் நிறுத்துக் கட்டிவிட்டான். வாங்க வந்தவர் கேட்டது 250 கிராம். பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவுடன் எடை குறைவு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஏதோ சொல்ல, பையன் "டேய், ஒழுங்கா வாங்கினா வாங்கு, இல்லேன்னா போ" என்று குரலை உயர்த்த, அவர் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் பின்னால் நின்றிருந்த மூன்று பேரும் போய்விட்டார்கள்.

கல்லாவில் இருந்த முதலாளிக்கு அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. மாதக் கடைசியில் கணக்கு நோட்டைப் புரட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த நால்வரும் ஒரே அறையில் தங்கி, கூட்டாகச் சமைத்துச் சாப்பிடும் எட்டுப் பேரைச் சேர்ந்தவர்கள். மாதம் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கு எடுத்துக்கொண்டிருந்த அறை அது. 50 கிராம் பருப்பில் போயிற்று.

இப்படிப்பட்ட சங்கதிகள் நம் வட்டாரத்தில் எந்தக் கடைக்கும் புதிதல்ல. இதற்கு மருந்து என்று சொல்லிக்கொண்டு, கடை ஊழியர்களுக்கு ஒருநாள் "பண்பாட்டுப் பயிற்சி" நடத்தித் தருகிறோம், தலைக்கு இவ்வளவு கட்டணம், முடிவில் சான்றிதழ் உண்டு என்று சிலர் அணுகுகிறார்கள். இதற்குப் பணம் கொடுக்கலாமா என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். சரக்கு எடுப்பதற்கு முன் முளை கட்டியிருக்கிறதா, வண்டு விழுந்திருக்கிறதா என்று கையில் அள்ளிப் பார்க்கிறோமே, அதுபோல இந்தப் பயிற்சி என்னும் சரக்கையும் கொஞ்சம் அள்ளிப் பார்ப்போம்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பிற பண்பாட்டாரோடு பழகும் திறன் என்ற கருத்து கடைத் தெருவில் பிறந்ததல்ல. 1989இல் அமெரிக்காவில் டெர்ரி கிராஸ் என்பவரும் அவருடைய மூன்று சகாக்களும் ஓர் அறிக்கை எழுதினார்கள். சிறுபான்மை இனக் குழந்தைகளுக்கு மனநல சேவை செய்யும் அமைப்புகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் பொருள். ஊழியரின் நடத்தை, மனப்பான்மை, அமைப்பின் விதிமுறை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி, வேறு பண்பாட்டாரிடம் சரியாக வேலை செய்ய வழிவகுக்க வேண்டும் என்று அதில் சொன்னார்கள். பயிற்சி விற்பவர்கள் இந்த மூன்றில் மனப்பான்மையை மட்டும் எடுத்துக்கொண்டு, விதிமுறையை விட்டுவிடுகிறார்கள் என்பது என் கருத்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த அறிக்கையில் ஆறு படிகள் கொண்ட ஓர் ஏணியும் உண்டு. அடிப்படியில் பிறரை அழிக்க நினைக்கும் வெறுப்பு. அடுத்தது இயலாமை. மூன்றாவது படிதான் நமக்கு முக்கியம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பண்பாட்டுக் குருடு. "எனக்கு எல்லாக் கஸ்டமரும் ஒண்ணுதான், வித்தியாசமே பார்க்கமாட்டேன்" என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அதுதான் அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாரும் ஒன்று என்று நாம் சொல்லும்போது, எல்லாரும் நம்மைப் போல என்றுதான் மனத்தில் நினைக்கிறோம். நம்மைப் போல் பொன்னி அரிசி, நம்மைப் போல் நல்லெண்ணெய், நம்மைப் போல் வெள்ளிக்கிழமை சைவம். இது மேல்படி என்று நினைத்துக்கொண்டு ஏணியின் நடுவில் நிற்கிறோம். இதற்கு மேலே முயற்சி, திறன், தேர்ச்சி என்று இன்னும் மூன்று படிகள் இருக்கின்றன.

நம் வட்டாரத்துக்கு இது புதிதா?

புதிதே அல்ல. ஆவடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1955இல் காங்கிரஸ் மாநாடு நடந்து சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட ஊர். 1960களில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது; விஜயந்தா டாங்கி இங்கே உருவானது. உடைத் தொழிற்சாலை, ராணுவ வாகன ஆராய்ச்சி நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம், விமானப்படை நிலையம் என்று இந்தியாவின் எல்லா மாநிலத்து மக்களும் குடும்பத்தோடு வந்து தங்கிய ஊர். ஆவடிக் கடைக்காரர்களில் மூத்தவர்கள் மலையாளம், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழியில் விலை சொல்வார்கள். எந்தப் பயிற்சியும் எடுத்தவர்கள் அல்லர். குவார்ட்டர்ஸ் அம்மாக்கள் கேட்ட சாமானை வாங்கி வைத்துப் பழகியே கற்றார்கள்.

பூந்தமல்லி கடைத்தெருவில் உள்ள சேட்டுக் கடைகளைப் பாருங்கள். ராஜஸ்தானிலிருந்து வந்தவர்கள். "வாங்க அக்கா, நல்லாருக்கீங்களா, பொண்ணுக்கு எப்ப கல்யாணம்" என்று அவர் கேட்கும் தமிழில் குறை சொல்ல முடியாது. ஆடி மாதத்தில் நகை மீட்க யாரும் அவசரப்படமாட்டார்கள், ஆவணி பிறந்தால் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். பண்பாட்டுத் திறன் என்பதற்கு இலக்கணம் வேண்டுமென்றால் அமெரிக்க அறிக்கையைத் தேட வேண்டியதில்லை, அந்தக் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றால் போதும்.

நம்மில் பலரும் வந்தவர்கள்தானே. திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கையில் ஒரு பையோடு வந்து, மாமன் கடையில் பொட்டலம் கட்டி, பிறகு சொந்தக் கடை போட்டவர்கள். நாம் "சீனி" என்று சொன்னபோது சென்னைக்காரர்கள் சிரித்தார்கள். இங்கே அது சக்கரை. வேடிக்கை என்னவென்றால், பீகாரிலிருந்து வருகிறவரும் "சீனி" என்றுதான் கேட்கிறார். அண்ணாச்சிக்கும் அவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பே வேண்டாம். நம் ஊர்க்காரர்கள் பம்பாய் தாராவிக்குப் பிழைக்கப் போனபோது, 1960களின் கடைசியில் அங்கே தென்னிந்தியர்களுக்கு எதிராக என்ன கோஷம் எழுந்தது என்பதைக் கேட்டு வளர்ந்தவர்களும் நம்மில் இருக்கிறார்கள். "மதராசி" என்ற சொல் அவர்கள் காதில் எப்படி விழுந்ததோ, அப்படித்தான் "வடக்கன்" என்ற சொல் இவர்கள் காதில் விழுகிறது.

2023 மார்ச்சில் நடந்தது

தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று 2023 மார்ச் தொடக்கத்தில் பொய் வீடியோக்கள் பரவின. வேறு ஊர்களில் வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளின் படங்களை ஒட்டி வதந்தி கிளப்பினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்த்தது. தமிழகக் காவல்துறை மறுப்பு வெளியிட்டு, வதந்தி பரப்பியவர்கள்மேல் வழக்குப் போட்டது. சில நாட்கள் தொழிற்சாலை முதலாளிகளும் ஓட்டல்காரர்களும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் வடக்கே போகும் ரயில்களில் கூட்டம் நெரிந்ததைக் காட்டி, "பாருங்கள், ஓடுகிறார்கள்" என்றார்கள். அந்த ஆண்டு ஹோலிப் பண்டிகை மார்ச் 8. ஆண்டுதோறும் ஹோலிக்கு முந்திய வாரம் அவர்கள் ஊருக்குப் போவது வழக்கம், நாம் பொங்கலுக்குக் கோயம்பேட்டிலும் கிளாம்பாக்கத்திலும் பஸ்ஸுக்கு முண்டியடிப்பதுபோல. ஹோலி எந்தத் தேதி என்று தெரிந்த கடைக்காரர், கூட்டத்தில் பெரும்பகுதி பண்டிகைக் கூட்டம் என்று அறிந்திருப்பார். தெரியாதவர் வதந்தியை நம்பியிருப்பார். வேறு மக்களின் பஞ்சாங்கத்தைத் தெரிந்துகொள்வது மரியாதைக்கு மட்டும் அல்ல என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சரக்கு வழியாகப் பழகுவது

நம் தொழிலில் பண்பாடு என்பது பெரும்பாலும் சரக்குதான். பீகார், ஜார்க்கண்ட், கிழக்கு உத்தரப்பிரதேசத்தினர் "சத்து" கேட்டால் நம் சத்துமாவை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. அது வறுத்த கொண்டைக்கடலையை அரைத்த மாவு. பொட்டுக்கடலை மாவுக்குச் சொந்தக்காரன். வெயில் காலத்தில் தண்ணீரில் கரைத்து உப்பும் வெங்காயமும் சேர்த்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். சமையலுக்குக் கடுகு எண்ணெய். "மசூர்" என்றால் நம் மைசூர் பருப்பு, "அர்ஹர்" என்றால் துவரை, "தேஜ்பத்தா" என்றால் பிரிஞ்சி இலை, "அஜ்வாயின்" ஓமம். வங்காளிகளும் ஒடியாக்காரர்களும் கேட்கும் ஐந்து தாளிப்புச் சாமான்களில் கருஞ்சீரகமும் ஒன்று. நாட்டு மருந்துக் கடையில் மட்டும் கிடைக்கும் என்று அதைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஒடியாக்காரரின் "பகாளா" நம் பழைய சோறேதான். பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் அவர் ஏன் அடிக்கடி வாங்குகிறார் என்று இனிமேல் ஆச்சரியப்பட வேண்டாம்.

அளவுச் சொற்கள்தான் சண்டைக்கு வித்து. "பாவ்" என்றால் கால் கிலோ, "ஆதா" அரை. "டேட்" ஒன்றரை, "டாயி" இரண்டரை. ஆகவே "டேட் சௌ" 150, "டாயி சௌ" 250. நம் பாட்டன்மார் அரைக்கால், மாகாணி, வீசம் என்று கணக்குப் போட்டதுபோல அவர்களிடமும் பின்னச் சொற்கள் இருக்கின்றன. இந்த நாலைந்து சொல்லைக் கடைப்பையன் மனப்பாடம் செய்ய ஒரு மாலை போதும்.

பண்டிகைகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் வியாபாரம் இருக்கிறது. பீகார்க்காரர்களுக்குத் தீபாவளியைவிடப் பெரிது "சட்" பூஜை. சூரியனுக்கு நீர்நிலையில் நின்று செய்யும் வழிபாடு. சென்னையில் மெரினாவில் கூடுவார்கள். தீபாவளி அமாவாசைக்குப் பின் வரும் சஷ்டி அன்று மாலை முக்கியமான பூஜை. வளர்பிறைச் சஷ்டி என்றால் நமக்கு என்ன? கந்த சஷ்டி, சூரசம்ஹாரம்! 2024இல் இரண்டும் நவம்பர் 7, 2025இல் இரண்டும் அக்டோபர் 27. அவர்கள் பஞ்சாங்கத்தைத் தேடி அலைய வேண்டாம், திருச்செந்தூர் சூரசம்ஹாரம் என்றைக்கு என்று பார்த்தால் போதும். அதற்கு முந்திய வாரம் கோதுமை மாவு, வெல்லம், நெய், தேங்காய், வாழைப்பழம், முழுக் கரும்பு, மூங்கில் கூடை, புது முறம் எல்லாம் தேவைப்படும். ஆம், நம் முறமேதான். அதில் வைத்துத்தான் படைக்கிறார்கள். பிளாஸ்டிக் முறம் எடுபடாது. பலகாரம் மிகுந்த ஆசாரத்தோடு செய்வார்கள் என்பதால், அந்த மாவையும் வெல்லத்தையும் கருவாட்டு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் பார்த்தவுடனே திரும்பிப் போய்விடுவார்கள்.

பொங்கலன்று அவர்களுக்கு மகர சங்கராந்தி. அவலும் தயிரும் வெல்லமும் சாப்பிடும் நாள். சித்திரை முதல் தேதியை ஒட்டி அசாம், வங்காளம், ஒடிசா மூன்றுக்கும் புத்தாண்டு.

ஒன்றில் எச்சரிக்கை. "கைனி" கேட்பார்கள். மெல்லும் புகையிலை, குட்கா, பான் மசாலா விற்பனைக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை போடப்பட்டு ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டு வருகிறது. வாடிக்கையாளரின் பழக்கத்தை மதிக்கிறேன் என்று கல்லாவுக்கு அடியில் வைத்தால் கடைக்குச் சீல் விழும். பண்பாட்டுத் திறன் என்பது கேட்டதெல்லாம் கொடுப்பதல்ல.

நம் பழக்கமும் அவர்களுக்குப் புரிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விளக்கு வைத்தபின் உப்பும் ஊசியும் கொடுக்கமாட்டேன் என்று சொல்லும் கடைகள் இன்னும் சில இருக்கின்றன. இரவு ஏழு மணிக்குச் சமைக்க உப்பு கேட்டவருக்கு, கண்ணெதிரே மூட்டையை வைத்துக்கொண்டு இல்லை என்றால் அவர் என்ன நினைப்பார்? தனக்குக் கொடுக்க மனமில்லை என்றுதான் நினைப்பார்.

பட்டியல் மனப்பாடம் செய்தால் வரும் வினை

மேலே இவ்வளவு சொல்லிவிட்டு, இதை அப்படியே நம்பாதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. நவராத்திரி ஒன்பது நாளும் இந்தி பேசும் மாநிலத்தார் பலர் வெங்காயம், பூண்டுகூடத் தொடமாட்டார்கள். நம் சேலத்து ஜவ்வரிசிதான் விரத உணவு. அதே நாட்களில் துர்கா பூஜை கொண்டாடும் வங்காளி வீட்டில் மீனும் ஆட்டுக்கறியும் மணக்கும். "வடநாட்டுக்காரர்கள் நவராத்திரியில் சைவம்" என்று பயிற்சியில் படித்த பையன் வங்காளியிடம் முட்டை வேண்டாமா என்று கேட்காமல் இருந்துவிடுவான். ஒடியா பேசுகிறவரை "இந்திக்காரர்" என்பது, நம்மை டில்லியில் எல்லாரும் மலையாளி என்று நினைப்பது போன்றது. அசாம், மணிப்பூர் முகத்தைப் பார்த்து "நேபாளி" என்று கூப்பிடுவதும் அப்படியே.

1998இல் மெலனி டெர்வலான், ஜான் மரே கார்சியா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய கட்டுரையில் ஒரு சம்பவம் வருகிறது. அறுவை சிகிச்சை முடிந்த லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண் ஒருவர் வலியில் துடிக்கிறார். அவருக்கு வலி அதிகம் போலிருக்கிறதே என்று மருத்துவர் ஒருவர் சொல்கிறார். செவிலியரோ, அந்த இனத்தார் வலியை மிகைப்படுத்திக் காட்டுவார்கள் என்று தான் பண்பாட்டுப் பாடத்தில் படித்திருப்பதாகச் சொல்லி விட்டுவிடுகிறார். அப்படிச் சொன்ன மருத்துவரும் அதே லத்தீன் வம்சாவளிதான்! எதிரில் இருக்கும் ஆளைக் கேட்காமல் பாடத்தை நம்பியதால் வந்த கோளாறு. திறன் என்பதைவிடப் பணிவு என்று சொல்வதே பொருத்தம் என்று அந்த இருவரும் வாதிட்டார்கள். "உங்க ஊர்ல இதை எப்படி சாப்பிடுவீங்க?" என்று கேட்கும் பழக்கம் ஒன்று வந்துவிட்டால், பட்டியல் பாதி தேவையில்லை.

"அவர்கள் தமிழ் கற்கட்டுமே?"

இப்படிக் கேட்பவர்கள் நம்மில் நிறைய. 1965ஐ மறக்காத மண் இது. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. கடைப் பெயர்ப்பலகையில் தமிழ்தான் பெரிதாக முதலில் இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. 2021 அக்டோபரில் நடந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். ஜொமேட்டோ நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை ஊழியர் ஒருவர், தமிழ்நாட்டு வாடிக்கையாளரிடம் இந்தி தேசிய மொழி, எல்லாருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். அரசியல் சட்டத்தில் தேசிய மொழி என்று எதுவும் கிடையாது. எதிர்ப்புக் கிளம்ப, நிறுவனம் தமிழிலேயே மன்னிப்புக் கேட்டது. ஊழியரை நீக்கியது, அன்றே நிறுவனர் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கோவையில் சேவை மையம் அமைத்து வருவதாகவும் சொன்னார்கள். விற்கிறவன் வாங்குகிறவரின் மொழிக்கு வர வேண்டும் என்று அன்று நாம் எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். நம் கடையில் விற்கிறவர் நாம்.

வாங்குகிறவருக்கு நாலு தமிழ்ச் சொல் கற்றுக்கொடுப்பதற்கும் கடையைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. "டாயி சௌ" என்றவருக்கு "இருநூத்தம்பது" என்று சொல்லிக்கொண்டே நிறுத்துக் கொடுங்கள். மூன்றாம் வாரம் அவரே சொல்வார். இது ஒருவழிப் பாதை இல்லை.

பலனை எப்படி அளப்பது?

இனி பணம் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு வருவோம். 2018 ஏப்ரல் 12 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஸ்டார்பக்ஸ் காபிக்கடையில் நண்பருக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களைக் கடை மேலாளர் போலீஸைக் கூப்பிட்டுக் கைது செய்ய வைத்தார். எதுவும் வாங்காமல் உட்கார்ந்திருந்தார்கள் என்பதே காரணம். நாடு கொந்தளித்தது. மே 29 பிற்பகல் அந்த நிறுவனம் 8,000க்கு மேற்பட்ட கடைகளை அடைத்து, ஏறக்குறைய 1,75,000 ஊழியர்களுக்கு இனப் பாகுபாடு குறித்துப் பயிற்சி கொடுத்தது. ஒரு பிற்பகல்! வாழ்நாள் பழக்கம் ஒரு பிற்பகலில் மாறுமா என்று அன்றே கேட்டார்கள். ஆனால் அதே மாதம் இன்னொன்றும் செய்தார்கள்: வாங்கினாலும் வாங்காவிட்டாலும் யாரும் உட்காரலாம், கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று விதியை மாற்றினார்கள். மேலாளர் மனம் மாறியிருக்கிறதோ இல்லையோ, அவர் போலீஸைக் கூப்பிடக் காரணமே இல்லாமல் போயிற்று. 2025 ஜனவரியில் அந்த விதியை அவர்களே திரும்பப் பெற்றார்கள் என்பது வேறு கதை.

பிராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா கலேவ் என்ற இரு சமூகவியலாளர்கள் 800க்கு மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் முப்பதாண்டுத் தகவல்களைப் பார்த்து 2016இல் எழுதியது: கட்டாயப்படுத்தி உட்கார வைக்கும் பயிற்சி எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை, சில இடங்களில் எரிச்சலையே வளர்க்கிறது, விருப்பத்தோடு வருபவர்களுக்கு ஓரளவு உதவுகிறது. கடைப்பையனை ஞாயிறு லீவு நாளில் வலுக்கட்டாயமாக அனுப்பி, வடநாட்டுக்காரரை மதிக்கக் கற்றுக்கொண்டு வா என்றால் அவன் யார்மேல் கோபப்படுவான் என்று சொல்ல வேண்டுமா?

பயிற்சியை எடைபோட 1959இல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் வகுத்த நான்கு கேள்விகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. வந்தவர்களுக்குப் பிடித்ததா, ஏதாவது கற்றார்களா, திரும்பி வந்து நடத்தையை மாற்றினார்களா, அதனால் தொழிலில் பலன் தெரிந்ததா. பயிற்சி விற்பவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். போண்டாவும் காபியும் நன்றாக இருந்தால் எல்லாரும் "மிக நன்று" என்றுதான் படிவத்தில் எழுதுவார்கள். நமக்கு வேண்டியது மூன்றாவதும் நான்காவதும். அதற்குக் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வெளிமாநில வாடிக்கையாளரோடு நடந்த வாய்த்தகராறு, திரும்பி வந்த சரக்கு, "இல்லை" என்று அனுப்பிய சாமான், இவற்றைப் பயிற்சிக்கு முன் நாலு வாரமும் பின் நாலு வாரமும் குறித்து வையுங்கள். நமக்கு அறிமுகமான, பையனுக்குத் தெரியாத ஒரு பீகார் நண்பரை அனுப்பி "டாயி சௌ" கேட்கச் சொல்லுங்கள். பரீட்சைத் தாளைவிட அது உண்மையைச் சொல்லும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பயிற்சிக்குப் பின் தீபாவளியும் சட் பூஜையும் வந்தால் விற்பனை தானாக ஏறும். பயிற்சியால் ஏறியது என்று மார்தட்டுவார்கள். மார்ச்சில் பாதிப் பேர் ஹோலிக்கு ஊருக்குப் போய்விடுவார்கள், விற்பனை இறங்கும். பயிற்சி வீண் என்போம். இரண்டும் தப்புக் கணக்கு. ஆடி வியாபாரத்தைத் தை வியாபாரத்தோடு யாராவது ஒப்பிடுவார்களா? ஆகவே பயிற்சி எடுத்த கடையையும் எடுக்காத பக்கத்துக் கடையையும் அதே வாரங்களில் ஒப்பிட வேண்டும். சங்கத்துக் கடைகள் சேர்ந்தால்தான் இது நடக்கும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். பயிற்சி பெற்ற பையன் மூன்று மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவான். கட்டணம் கட்டிய அறிவும் அவனோடு போய்விடும். அதனால் கற்றது கடையில் தங்கும்படி செய்ய வேண்டும். சாமான் பெயர்களையும் அளவுச் சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதிப் பொட்டலம் கட்டும் மேசைக்கு எதிரே ஒட்டலாம். விலையை எண்ணில் எழுதி வெளியே தொங்கவிடலாம். எலக்ட்ரானிக் தராசின் எண் வாங்குபவர் கண்ணுக்கும் தெரியும்படி வைக்கலாம். டெர்ரி கிராஸ் சொன்ன மூன்றில் விதிமுறை என்பது நம் கடையில் இதுதான். தராசைத் திருப்பி வைப்பதற்குப் பயிற்சிக் கட்டணம் கிடையாது, பண்பாட்டுச் சண்டை என்று நாம் நினைப்பதில் பாதி எடைச் சண்டைதான்.

என் யோசனை, வெளி ஆளுக்கு ஒருநாள் கட்டணம் கொடுக்கும் முன், நம் கடைகளிலும் ஓட்டல்களிலும் வேலை செய்யும் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளில் இரண்டு பேரை உட்கார வைத்து, அவர்களுக்கு அந்த நேரத்துக்குக் கூலி கொடுத்து, மாலையில் ஒரு மணி நேரம் வீதம் நாலு நாள் கேட்பது. அவர்கள் சொல்வதைத் தமிழ் தெரிந்த சேட்டு யாராவது விளக்கலாம். நோட்டில் பலன் தெரியவில்லை என்றால் வெளிப் பயிற்சியை அப்புறம் பார்க்கலாம். வருகிற உறுப்பினர்களுக்கு மட்டும், கட்டாயம் இல்லாமல். கந்த சஷ்டிக்கு ஆறு வாரம் முன்பு தொடங்கினால் முறத்துக்கும் கூடைக்கும் முன்பணம் கொடுக்க நேரம் இருக்கும்.

பட்டரவாக்கம் பக்கத்துக் கடைக்காரர் இப்போது தராசை வெளிப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். பையனையும் அழைத்துக்கொண்டு அந்த அறைக்குப் போய், தவறு எங்கள் காதில்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். டீ கொடுத்தார்களாம். கணக்கு நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.